10ஜி சேர்வருக்குக் கேட்8 கேபிள்தான் வேண்டுமா?

கேள்வி, 18 செப்டெம்பர் 2024

அண்ணா, திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாவற்றையும் இப்போது 4கேயில்தான் எடுக்கிறோம், ஃபைல்கள் குவிந்து கிடக்கின்றன. கீழ் அறை ராக்கில் இரண்டு சேர்வரும் 8 போர்ட் 10ஜி (விநாடிக்கு 10 கிகாபிட்) சுவிச் ஒன்றும் இருக்கின்றன, எல்லாம் எஸ்எஃப்பி பிளஸ், அதாவது மாட்யூல் செருகும் கூடு. மேல்மாடியில் எடிட்டிங் கணினி, அதில் 10ஜி ஆர்ஜே45 போர்ட், வழமையான நெட்வேர்க் கேபிள் செருகும் வாய். கேபிள் ஓடும் தூரம் 20 மீற்றர் வரும். டவுனில் கடையில் கேட்டால் "கேட்8 போடுங்கோ, 40ஜி போகும், ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை" என்கிறார்கள். விலை பல மடங்கு. காசு போனாலும் பரவாயில்லை, வேகம் வந்தால் சரி. எடுக்கலாமா?

18 செப்டெம்பர், இரவு

எடுக்க வேண்டாம்.

முதலில் போர்ட்டைப் பாருங்கள் தம்பி, பிறகு கேபிளைப் பற்றிக் கதைப்போம். சேர்வரிலும் சுவிச்சிலும் இருப்பது எஸ்எஃப்பி பிளஸ் என்றால் அந்தக் கூட்டுக்குள் கேட்8 போகவே போகாது. நடுவில் ஒரு மாட்யூல் வாங்கிப் போட வேண்டும், அது தனிச் செலவு, தனிச் சூடு. ராக்குக்குள் இருக்கும் இரண்டு சேர்வருக்கும் டாக் கேபிள் போதும். இரண்டு முனையிலும் எஸ்எஃப்பி தலை பொருத்தியே வரும் செப்புக் கேபிள் அது, மாட்யூல் எதுவும் வாங்கத் தேவையில்லை.

கேட்8 பற்றிக் கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 2000 மெகாஹேர்ட்ஸ் வரை அளந்து தரப்படும் கேபிள், 25ஜி, 40ஜி இரண்டுக்கும் 2016இல் ஐட்ரிபிள்ஈ என்ற பொறியியலாளர் அமைப்பு தரம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் 30 மீற்றர்தான் எல்லை, அதைவிட முக்கியம், ஆர்ஜே45 வாயில் 40ஜி தரும் சுவிச்சையோ கார்டையோ எந்தக் கடையிலாவது கண்டிருக்கிறீர்களா? நான் காணவில்லை. 10ஜி போர்ட்டில் கேட்8 செருகினால் 10ஜிதான் வரும்.

மேல்மாடிக்குக் கேட்6ஏ, சுவிச் முனையில் அந்த மாட்யூலோடு. அல்லது கணினியில் எஸ்எஃப்பி பிளஸ் கார்டு போட்டு ஃபைபர்.

18 செப்டெம்பர், நடுச்சாமம்

படுத்த பிறகு ஞாபகம் வந்தது. டாக் வாங்கும்போது நீளத்தை அளந்து வாங்குங்கள். "5 மீற்றர் எடுத்தால் எங்கேயும் உதவும்" என்று நினைக்க வேண்டாம். உள்ளே மின்சுற்று இல்லாத சாதாரண டாக் 10ஜியில் 5, 7 மீற்றர் வரை ஓடும், ஓடுவது பிரச்சினை இல்லை. நீளம் கூடக் கூட உள்ளே உள்ள கம்பியைத் தடிப்பாகப் போடுவார்கள். 1 மீற்றர் கேபிள் கையில் சுருளும், 5 மீற்றர் கேபிள் பச்சை மூங்கில்போல் விறைத்து நிற்கும். சுவர் ராக்கின் கதவை அழுத்திச் சாத்தினால் அந்த விறைப்பு முழுவதும் கார்டின் எஸ்எஃப்பி கூட்டில்தான் போய் இறங்கும். ராக்குக்குள் என்றால் 1 மீற்றர், மிஞ்சினால் 2.

கழற்றும்போது பின்னால் இருக்கும் நாக்கை, சிலதில் துணிப்பட்டி மாதிரி இருக்கும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். கேபிளைப் பிடித்து இழுத்தால் தாழ் விடாது. "டிக்" என்று சத்தம் கேட்கும்வரை உள்ளே தள்ளாவிட்டால் லைட் எரியும், தரவுப் பாக்கெட் தொலையும், இரண்டு நாள் தலையைப் பிய்ப்பீர்கள்.

21 செப்டெம்பர்

சூடு பற்றிச் சும்மா ஒரு வரியில் சொல்லிவிட்டேன், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது.

ஆர்ஜே45இல் 10ஜி ஓட வைப்பது எளிதான வேலை இல்லை. கேபிளுக்குள் இருக்கும் நான்கு சோடிக் கம்பியிலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிக்னல் ஓடும், அதைப் பிரித்தெடுக்க போர்ட்டுக்குள் ஒரு சிப் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு போர்ட்டுக்கு 2 முதல் 5 வாட் வரை போகும், பழைய கார்டுகள் இன்னும் கூடக் குடிக்கும். டாக் கேபிளுக்கு 0.1 வாட் அளவுதான். ஃபைபர் மாட்யூல் 1 வாட் சுற்றில்.

எஸ்எஃப்பி கூட்டுக்கான தரம் ஒரு மாட்யூலுக்கு 1 அல்லது 1.5 வாட் என்று கணக்கு வைத்து எழுதியது. அதற்குள் 2.5 வாட் இழுக்கும் ஆர்ஜே45 மாட்யூலைச் செருகினால் என்ன நடக்கும்? கச்சான் வீசும் மாதத்தில், ஏசி நிறுத்திய அறையில், ஃபேன் இல்லாத சுவிச்சில், பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் இரண்டு மாட்யூல் போட்டிருந்த இடம் ஒன்றைப் பார்த்தேன். கழற்றப் போனவர் விரலை உதறிக்கொண்டு கையை எடுத்தார். பின்னேரமானால் லிங்க் விழும், இரவில் தானாக எழும்பும். கேபிளை மூன்று தரம் மாற்றியிருந்தார்கள். ஒரு மாட்யூலை இரண்டு போர்ட் தள்ளிப் போட்டோம், விழுவது நின்றுவிட்டது.

தாமதக் கணக்கும் உண்டு. ஆர்ஜே45இல் 10ஜி ஒரு பக்கத்துக்கு 2 மைக்ரோசெக்கன் மட்டில் எடுக்கும், டாக்கில் 0.3 மைக்ரோசெக்கன் அளவு. வீடியோ எடிட் பண்ணுகிறவருக்கு அது தெரியவே தெரியாது, சும்மா விடுங்கள்.

22 செப்டெம்பர்

"எங்கள் அலுவலகத்தில் சாதாரண கேட்6இல் 10ஜி ஓடுகிறதே, நீங்கள் ஏன் கேட்6ஏ என்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓம், ஓடும். ஆர்ஜே45 10ஜிக்கான தரம் 2006இல் வந்தது, அதில் கேட்6ஏயில் 100 மீற்றர், கேட்6இல் 55 மீற்றர். அந்த 55உம் தனியாக ஓடும் கேபிளுக்கு. இருபது முப்பது கேபிளை ஒரே கட்டாகக் கட்டி இழுத்தால் பக்கத்துக் கேபிளின் சத்தம் இதற்குள் ஏறும், அப்போது 37 மீற்றர் என்று கணக்கு வைக்கச் சொல்வார்கள்.

ஆகவே உப்புவெளித் தம்பியின் 20 மீற்றருக்கு, ஒற்றைக் கேபிளுக்கு, நல்ல கேட்6 போதும். முதல் நாள் "கேட்6ஏ" என்று எழுதியது புதிதாக இழுப்பதாக இருந்தால். ஏற்கெனவே சுவருக்குள் நல்ல கேட்6 இருந்தால் சுவரை உடைக்க வேண்டாம், முதலில் செருகிப் பாருங்கள்.

நல்ல கேட்6 என்று இரண்டு தரம் சொல்லிவிட்டேன். அதுதான் இங்கே வில்லங்கம்.

24 செப்டெம்பர்

செப்பு முலாம் பூசிய அலுமினியம். நம் ஊரில் நெட்வேர்க் பிரச்சினை என்று கூப்பிடும் இடங்களில் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். பெட்டியில் "கேட்6" என்று பெரிதாக அச்சடித்திருக்கும், கேபிள் உறையில் மீற்றர் இலக்கம், அழகான எழுத்து, எல்லாம் இருக்கும். எந்தத் தரமும் இதை ஏற்பதில்லை, கேட்6 என்றால் முழுச் செப்பாக இருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது லேசு. முதலில் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். 305 மீற்றர் பெட்டி முழுச் செப்பு என்றால் தூக்க முதுகு வளையும், அலுமினியம் என்றால் ஒரு கையில் வரும். பிறகு ஒரு சோடியை உரித்து, பிளேடை வைத்துக் கம்பியை மெதுவாகச் சுரண்டுங்கள். செப்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் அதே சிவப்பு. மற்றது இரண்டு சுரண்டலிலேயே வெள்ளி நிறம் காட்டும். அதே கம்பியை நான்கைந்து தரம் முன்னும் பின்னும் மடித்தால் பட்டென்று முறியும், செப்பு அவ்வளவு கெதியாக முறியாது. காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள் சிலர், அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, மினக்கெட வேண்டாம்.

இந்த அலுமினியக் கம்பியில் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். கமராவுக்கோ வைஃபை அக்சஸ் பொயின்ட்டுக்கோ கேபிள் வழியே மின்சாரம் அனுப்புகிறவர்களுக்கு அது வெப்பமாகத்தான் வெளியே வரும். சுவரில் பிளக் செருகும் ஜக்கில் கம்பியை அடிக்கும்போது முறிந்தும் முறியாமலும் நிற்கும், இன்றைக்கு 10ஜி, நாளைக்கு 1ஜி, மழைக்கு 100 மெகாபிட்.

கடைக்காரரைத் திட்ட வேண்டாம், பல பேருக்கு அவர்கள் விற்பதே என்ன என்று தெரியாது. கொழும்பிலிருந்து பெட்டியாக வருகிறது, விற்கிறார்கள். "முழுச் செப்பா?" என்று கேட்டால் "ஓம் ஓம்" என்பார்கள். பிளேடு கையில் இருக்கட்டும்.

24 செப்டெம்பர், சற்றுப் பின்

கேட்7 பற்றிக் கேட்டவருக்கு: அமெரிக்கத் தரக்காரர்கள் அதை ஏற்கவே இல்லை, சர்வதேசத் தரத்தில் அதற்கென்று வேறு வகை பிளக் சொல்லியிருக்கிறார்கள். ஆர்ஜே45 தலை அடித்து "கேட்7" என்று விற்கும் தட்டையான பட்டிக் கேபிளை வாங்க வேண்டாம்.

2 ஒக்டோபர்

கடல் காற்று. இதைக் கொழும்புக்காரர் எழுதும் வழிகாட்டிகளில் காண முடியாது, நாங்கள் டச்சுக்குடாவுக்கும் உட்துறைமுகத்துக்கும் நடுவில் இருந்து கொண்டு பேசாமல் இருக்க முடியாது. ஏசி ஓடும் அடைத்த அறையில் ஒன்றும் ஆகாது. கடலைப் பார்த்த ஜன்னல் திறந்து கிடக்கும் மேல்மாடியில், சுவர்ப் பெட்டியில் இருக்கும் ஜக்கைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள், எட்டு ஊசியில் இரண்டு மூன்றில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். மலிவு ஜக்கில் தங்க முலாம் பெயருக்குத்தான். 50 மைக்ரோ அங்குல முலாம் என்று எழுதியிருக்கும் ஜக்கை எடுங்கள், விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. பாவிக்காத போர்ட்டுக்கு மூடி போடுங்கள், எஸ்எஃப்பி கூட்டுக்கும்தான்.

இன்னொன்று: சுவருக்குள் ஓடும் தடித்த கேட்6ஏ கம்பியில் நேரே பிளக் அடிக்க வேண்டாம். கம்பி தடிப்பு, பிளக்கின் துளை சிறிது, பாதி தள்ளுவதற்குள் கை சலிக்கும். இரண்டு முனையிலும் ஜக்கில் முடித்து, அங்கிருந்து தொழிற்சாலையில் அடித்து வந்த பட்ச் கேபிளைப் போடுங்கள். சோடியின் முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள். வளைவு கேபிள் தடிப்பைப்போல் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. கேட்6ஏ 7, 8 மில்லிமீற்றர் தடிப்பு, அப்படியென்றால் 3 சென்ரிமீற்றர் ஆரை. சுவர் மூலையில் அடித்து மடக்குகிறவர்கள் கவனிக்க.

மான்கள் கேபிளைக் கடிக்குமா என்று பகிடி விட்டவருக்கு: கோட்டைப் பக்கத்து மான்கள் கைக்கு எட்டியது எதையும் விடுவதில்லை, ஆனால் இதுவரை என் கேபிளில் வாய் வைக்கவில்லை. எலிதான். எலிக்கு ஃபைபரும் செப்பும் ஒன்றே.

19 ஒக்டோபர்

பின்னேர இடி தொடங்கிவிட்டது. ஆகவே இன்றைய கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேட்டவர் பாலையூற்றுப் பக்கம், ஒரே வளவுக்குள் இரண்டு கட்டடம், நடுவில் 40 மீற்றர். ஒன்றில் சேர்வர், மற்றதில் அலுவலகம். "கேட்6ஏ வெளிக்கேபிள் கறுப்பு நிறத்தில் கிடைக்கிறது, 100 மீற்றர் வரை போகும் என்று நீங்களே சொன்னீர்கள், போடலாமா?"

தூரம் போதும். ஆனாலும் போடாதீர்கள்.

இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். பக்கத்தில் இடி விழும்போது இரண்டு நிலத்துக்கும் இடையில் ஒரு கணம் பெரிய மின்னழுத்த வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் சமப்பட வழி தேடும், நீங்கள் இழுத்த செப்புக் கம்பி அதற்கு நல்ல வழி. நான் பார்க்கும் இடம் ஒன்றில், பெயர் வேண்டாம், இப்படி ஒரு மழைப் பின்னேரத்துக்குப் பிறகு போனேன். யூபிஎஸ் நன்றாக இருக்கிறது, சேர்வர் நன்றாக இருக்கிறது, சுவிச்சில் மற்றப் போர்ட் எல்லாம் வேலை. அந்த ஒரு கேபிளின் இரண்டு முனைப் போர்ட்டும் மட்டும் செத்துப்போய்க் கிடந்தன. யூபிஎஸ் வாங்கியதால் பாதுகாப்பு என்று நினைத்திருந்தார்கள். மின்சாரம் வரும் வழியால் அது வரவில்லையே.

கட்டடம் விட்டுக் கட்டடம் போனால் ஃபைபர்தான், 10 மீற்றர் என்றாலும். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. ஆனால் வெளி ஃபைபர் என்று தரும் சிலதில் எலி கடிக்காமல் இருக்க இரும்புத் தகடு சுற்றியிருக்கும், சிலதில் தொங்கவிட இரும்புக் கம்பி கூடவே வரும். அந்த இரும்பைக் கொண்டுபோய் ராக்கில் முட்ட வைத்தால் ஃபைபர் போட்டும் பிரயோசனம் இல்லை. உலோகமே இல்லாத கேபிளைக் கேட்டு வாங்குங்கள், அல்லது கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே இரும்பை வெட்டி எர்த் பண்ணுங்கள். குழாய்க்குள் விட்டால் எலிப் பயமும் குறையும், வெயிலில் உறை வெடிப்பதும் இல்லை. குழாய்க்குள் ஒரு நைலோன் கயிற்றையும் சேர்த்து விட்டுவையுங்கள், பிறகு இன்னொரு கேபிள் இழுக்க உதவும்.

20 ஒக்டோபர்

எந்த ஃபைபர்? முன்பெல்லாம் கிட்டத் தூரத்துக்கு ஓஎம்3 என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீலப்பச்சை உறை, 10ஜியில் 300 மீற்றர், மாட்யூலும் மலிவு. இப்போது புதிதாக இழுப்பவர்களுக்கு மஞ்சள் உறை ஓஎஸ்2 சொல்கிறேன். ஓஎம்3இல் 25ஜிக்குப் போனால் எல்லை 70 மீற்றருக்கு இறங்கிவிடும், ஓஎம்4 என்றால் 100. மஞ்சளுக்கு அந்தத் தலைவலி இல்லை, அதற்குப் போடும் சாதாரண எல்ஆர் மாட்யூலே 10 கிலோமீற்றர் அடிக்கும், 40 மீற்றர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மாட்யூல் விலையும் முன்புபோல் எட்டாத உயரத்தில் இல்லை.

எல்ஆர் மாட்யூலை 2 மீற்றர் கேபிளில் போட்டால் எரிந்துவிடுமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எல்ஆர் எரியாது. 40 கிலோமீற்றர் ஈஆர் மாட்யூலை அப்படிப் போட்டால்தான் வெளிச்சம் கூடிப்போய் எதிர்முனைக்கு ஆபத்து, அதற்கு நடுவில் ஒளி குறைப்பான் வைக்க வேண்டும்.

ஃபைபர் முனையைத் தொட்டால் விரல் எண்ணெய், திறந்து வைத்தால் தூசி. செருகும் ஒவ்வொரு தரமும் துடைப்பான் பேனாவால் ஒருமுறை "கிளிக்" பண்ணுங்கள். சேட்டு நுனியில் துடைப்பவரை ராக் அறைக்குள் விடாதீர்கள். சந்தேகம் என்றால் மாட்யூலிடமே கேட்கலாம், லினக்ஸில் எத்டூல் என்ற கட்டளையோடு எம் என்ற தெரிவைப் போட்டால் வாங்கும் வெளிச்சம் எவ்வளவு என்று டிபிஎம் அலகில் காட்டும். ஓஎம்3க்குப் போடும் எஸ்ஆர் மாட்யூலில் அது கழித்தல் 10ஐ நெருங்கினால் தூசியோ மடிப்போ இருக்கிறது. முனைக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம், 850 நானோமீற்றர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

3 நவம்பர்

உப்புவெளித் தம்பி திரும்பி வந்திருக்கிறார். டாக் இரண்டு எடுத்தாராம், சேர்வர்ப் பக்கம் லிங்க் வருகிறது, சுவிச் மட்டும் "ஆதரவில்லாத மாட்யூல்" என்கிறதாம்.

கேபிள் பழுதில்லை. எஸ்எஃப்பி தலைக்குள் ஒரு சின்ன நினைவகச் சிப் இருக்கும், அதில் தயாரித்தவர் பெயர் எழுதியிருக்கும். சில கம்பனிச் சுவிச்சுகள் தங்கள் பெயரைக் காணாவிட்டால் போர்ட்டைத் திறக்காது. சிலதில் ஒரு கட்டளையில் அதை விலக்கலாம், அதற்குப் பிறகு அவர்களிடம் உதவி கேட்டால் கையை விரிப்பார்கள். டாக்கை ஒரு முனை சுவிச்சுக்கு, மறுமுனை கார்டுக்கு என்று வேறுவேறாகக் கோட் எழுதியும் விற்கிறார்கள், ஓடர் பண்ணும்போதே இரண்டு பக்கத்துச் சாமானின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

இன்டெல் எக்ஸ்520 கார்டு வைத்திருப்பவர்களுக்கு: தரப்படி செய்த டாக் எது என்றாலும் அது ஏற்கும், ஃபைபர் மாட்யூலுக்குத்தான் முகம் சுளிக்கும். லினக்ஸ் டிரைவரில் அதைத் தளர்த்த ஓர் அமைப்பு உண்டு.

9 நவம்பர்

தம்பி மறுபடி. லிங்க் வந்துவிட்டது, 10ஜி என்று காட்டுகிறது, ஆனால் ஃபைல் கொப்பி பண்ணினால் விநாடிக்கு 230 மெகாபைட்தானாம். "கேட்8 போட்டிருக்கலாமோ?"

தம்பி, அது உங்கள் ஹார்ட்டிஸ்க்கின் வேகம். ஒற்றை டிஸ்க் அவ்வளவுதான் தரும். 10ஜி என்றால் விநாடிக்கு 1250 மெகாபைட், சாட்டா எஸ்எஸ்டி ஒன்றுகூட 550ஐத் தாண்டாது. டிஸ்கை விட்டுவிட்டு ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் மென்பொருள் போட்டு அளந்து பாருங்கள், இரண்டு சேர்வருக்கும் இடையில், ஒரே நேரத்தில் நான்கு ஓட்டமாக. 9 கிகாபிட்டுக்கு மேல் வந்தால் கேபிளைக் கும்பிட்டுவிட்டு டிஸ்கைப் பார்க்கப் போங்கள்.

வராவிட்டால் நெட்வேர்க் கார்டு மதர்போர்டின் எந்த பிசிஐஇ ஸ்லொட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நீளமான ஸ்லொட்டாகத் தெரியும், உள்ளே ஒரு லேன்தான், அதாவது தரவு ஓடும் ஒரு தடம்தான், இணைத்திருப்பார்கள். பிசிஐஇ 3இல் ஒரு லேன் 8 கிகாபிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, பிசிஐஇ 2இல் அதில் பாதி. அதற்கும் பிறகு எத்டூலில் சிஆர்சி பிழை எண்ணிக்கை, சிதைந்து வந்த தரவின் கணக்கு அது. அது ஓடும்போது ஏறிக்கொண்டே இருந்தால்தான் கேபிளில் சந்தேகம் வைக்கலாம். நின்ற இடத்தில் நின்றால் கேபிள் சுத்தம்.

10 நவம்பர்

காலையில் பதில்: ஐபெர்ஃபில் 9.4. சரி, முடிந்தது.

23 நவம்பர்

25ஜிக்கு மாறப்போகிறவர் கேட்டதற்கு, அவசரத்தில் எழுதுகிறேன். மஞ்சள் ஃபைபர் அப்படியே இருக்கட்டும், இரண்டு முனை மாட்யூலை மட்டும் மாற்றுங்கள். 10ஜி டாக் 25ஜி ஆகாது. 25ஜி டாக் 10ஜி போர்ட்டில் பெரும்பாலும் ஓடும், ஆகவே இப்போதே டாக் வாங்குவதாக இருந்தால் 25ஜியாகவே வாங்கலாம். 3 மீற்றருக்குள் நிறுத்துங்கள். 5 மீற்றர் என்றால் பிழை திருத்தும் எஃப்இசி கட்டாயம். 3 மீற்றர் என்றாலும் இரண்டு பக்கமும் ஒரே எஃப்இசி அமைப்பு இல்லாவிட்டால் லைட்டே எரியாது, புதுக் கேபிளைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகுமுன் அதைப் பாருங்கள்.